கல்யாணச் சாவுதான்... அதற்காக அழக்கூடாதா?



சென்ற இதழில் மார்கழிப் பனியில் குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை மருந்துக் கடையில் மருந்து கிடைக்காத ஒரு சங்கதி. வீட்டில் வயதான பாட்டியோ தாத்தாவோ போய்விட்டால், மிச்சம் இருப்பவர்கள் எப்படித் தேறுவது? "நல்ல நாளும் அதுவுமா இதையா படிக்கணும்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வயசானவர்கள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரு நாள் இது வரத்தான் போகிறது. வந்தபிறகு படிக்க நேரம் இருக்காது. இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் செம்பட்டிப் பக்கம் எண்பதைத் தாண்டி, பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப் பேரனையும் பார்த்துவிட்டுப் போனால் அதைக் 'கல்யாணச் சாவு' என்பார்கள். வாசலில் பந்தல், கொட்டு, பூப்பல்லக்கு, தெரு நெடுக வெடி என்று தடபுடலாக இருக்கும். போன ஆவணியில் என் மாமியாரும் அப்படித்தான் போனார்கள். எண்பத்துநாலு வயது. திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று நாலு பக்கத்து பஸ்ஸிலும் சனங்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "என்னத்தா குறை? நிறைஞ்ச வாழ்வு, நல்ல சாவு. அழுவாதீக."

அந்த வார்த்தையில் தப்பே இல்லை. வாழ்ந்து முடித்த ஒரு மனுஷிக்குக் கொடுக்கிற மரியாதை அது. ஆனால் பாருங்கள், அது போனவரைப் பற்றிய வார்த்தை. தினமும் காலையில் அப்பத்தா கையால் தலை சீவிக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஆறு வயசுக் குழந்தைக்கு, அப்பத்தா எண்பத்துநாலு வயசு வாழ்ந்தார்கள் என்பது என்ன ஆறுதல்? அறுபது வருஷம் கூட வாழ்ந்த தாத்தாவுக்கு? ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட மருமகளுக்கு? சாவு நல்ல சாவாக இருக்கலாம். இருப்பவர்களுக்கு இழப்பு இழப்புதான். அதற்கு இடம் கொடுக்காமல் 'நல்ல சாவு' என்று மூடி வைத்தால் அது வேறு வழியில் வெளியே வரும். எப்படி எப்படி வரும், என்ன செய்யலாம் என்பதைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறேன்.

உடம்பும் சேர்ந்துதான் அழும்

"வயித்தைப் பெசையுது", "நெஞ்சை அடைக்குது", "தொண்டையில என்னமோ உருண்டுக்கிட்டு நிக்குது" என்று நம் பெண்கள் சொல்வார்கள். வெறும் பேச்சு என்று நினைக்காதீர்கள். 1942 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு கேளிக்கை விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்துபோனார்கள். அவர்களை இழந்தவர்களையும், வேறு விதங்களில் சொந்தங்களை இழந்தவர்களையும் எரிக் லிண்டமன் என்ற மனநல டாக்டர் கவனித்து 1944-ல் எழுதி வைத்தார். துக்கம் அலை அலையாக வருகிறது, ஒவ்வொரு அலையும் இருபது நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கிறது, அப்போது தொண்டை இறுகுகிறது, பெருமூச்சு வருகிறது, வயிறு காலியானது போல் இருக்கிறது என்றார். நம் பாட்டிமார் சொன்னதேதான்!

அதனால் சாமான் கழுவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அழுகை வந்தால் பயப்படாதீர்கள். அது ஒரு அலை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். அலை இறங்கிவிடும். மறுபடி வரும். நாளாக ஆக இடைவெளி அதிகமாகும்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒவ்வொன்றாக ஏறி முடித்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற டாக்டர் 1969-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த பேச்சு அது. அவர் அதை முதலில் எழுதியது, தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பற்றி. இழந்தவர்களுக்கு அப்படி ஒழுங்கான படிக்கட்டு எதுவும் கிடையாது. ஒரு நாள் சிரிப்போம், மறுநாள் அழுவோம். இரண்டும் இயல்புதான்.

குழந்தைக்கு என்ன சொல்வது?

இதில்தான் நம் வீடுகளில் ரொம்பக் குழப்பம். குழந்தை மனசு நோகக்கூடாது என்று பெரியவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். "அப்பத்தா தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க", "சாமி கூட்டிட்டுப் போயிருச்சு" என்பதெல்லாம் எங்கும் கேட்கிற பேச்சு.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு தூரத்து உறவுக்காரம்மா, என் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "அப்பத்தா அசந்து தூங்குது தாயி, சத்தம் போடாத" என்று சொல்லிவிட்டார்கள். பிரியத்தில் சொன்னதுதான். அன்று ராத்திரி குழந்தை படுக்கவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்துக் கேட்டால், "அம்மா, நான் தூங்கினா என்னையும் ஐஸ் பெட்டியில வச்சிருவாங்களா?" என்றாள்.

அவள் கேட்டதில் என்ன தவறு? நாம் சொன்னதை நம்பித்தானே கேட்கிறாள்? 'ஊருக்குப் போயிருக்காங்க' என்றால் குழந்தை தினமும் பஸ் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடும். என்னிடம் சொல்லாமல் போய்விட்டார்களே என்று கோபப்படும். 'சாமி கூட்டிட்டுப் போயிருச்சு' என்றால், நாளைக்கு அம்மாவையும் கூட்டிப் போய்விடுமோ என்று சாமி மேலேயே பயம் வந்துவிடும். உங்கள் வீட்டில் சாமி, சொர்க்கம் என்கிற நம்பிக்கை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் 'செத்துப் போயிட்டாங்க' என்ற நேரான வார்த்தை வர வேண்டும்.

அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: "அப்பத்தா தூங்கலைடா. செத்துப் போயிட்டாங்க. தூங்கறப்ப மூச்சு வரும், நெஞ்சு துடிக்கும். இந்தா, என் நெஞ்சுல கை வச்சுப் பாரு. அப்பத்தாவுக்கு ரொம்ப வயசாகி, உடம்பு வேலை செய்யறதே நின்னு போச்சு. இனிமே அவங்களுக்கு வலிக்காது, பசிக்காது, குளிராது. திரும்பி வரமாட்டாங்க. நீ தூங்கினா காலையில எந்திரிப்ப. நான் பக்கத்துலயே படுத்திருக்கேன்." என் நெஞ்சில் கை வைத்தபடியே தூங்கிப்போனாள்.

ஒரு தரம் சொன்னால் போதாது. மறுநாள் அதே கேள்வியைக் கேட்பார்கள். 1948-ல் மரியா நாகி என்ற மனோதத்துவ நிபுணர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரத்தில் மூன்றிலிருந்து பத்து வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டது அது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள், செத்தவர் எங்கோ போயிருக்கிறார், திரும்பி வரலாம் என்றே நினைக்கிறார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வரை, சாவு என்று ஒன்று உண்டு என்று புரிகிறது. ஆனால் அதை ஒரு ஆள் போல, நம்மிடம் வராமல் தப்பித்துக்கொள்ளக்கூடியது போல நினைக்கிறார்கள். ஒன்பது, பத்து வயதில்தான் எல்லோருக்கும் வரும், திரும்பாது என்பது முழுசாகப் பிடிபடுகிறது. குழந்தைக்குக் குழந்தை ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். ஆகவே நாலு வயசுப் பிள்ளை, "அப்பத்தா எப்ப வருவாங்க?" என்று இருபதாவது முறை கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அதே பதிலை அதே வார்த்தையில் சொல்லுங்கள். பாடம் மனசில் ஏற நாளாகும்.

இன்னும் மூன்று விஷயம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்று, "உடம்பு சரியில்லாம செத்துட்டாங்க" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் தனக்குக் காய்ச்சல் வந்தால் குழந்தை நடுங்கிப்போகும். "ரொம்ப ரொம்ப வயசாகி, ரொம்பப் பெரிய சீக்கு" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

இரண்டு, சில குழந்தைகள் மனசுக்குள் குற்றம் சுமந்துகொண்டிருக்கும். "தண்ணி கேட்டாங்க, நான் விளையாட ஓடிட்டேன், அதான் செத்துட்டாங்க" என்று நினைக்கும். வாய்விட்டுக் கேட்காது. நீங்களாகவே, "உன்னாலயோ யாராலயோ இது நடக்கலை கண்ணு" என்று சொல்லி வையுங்கள்.

மூன்று, ஐந்து நிமிஷம் அழுத குழந்தை ஆறாவது நிமிஷம் பம்பரம் விட ஓடும். "பாசமில்லாத பிள்ளை" என்று பேசிவிடாதீர்கள். குழந்தையால் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தாங்க முடியும். பொம்மையைப் படுக்க வைத்து மாலை போட்டு விளையாடினாலும் திட்ட வேண்டாம். விளையாடித்தான் அது புரிந்துகொள்கிறது. படுக்கையில் மூத்திரம் போவது, காரணமில்லாத வயிற்று வலி, முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் கொஞ்ச நாள் இருக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவர்களும் பார்த்துக்கொள்வார்கள். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் வழக்கமான நேரத்தில் நடந்தாலே குழந்தைக்குப் பாதி தைரியம் வந்துவிடும்.

நெய்ப்பந்தம்

குழந்தைகளைச் சாவு வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்பீர்கள். நம் முன்னோர்கள் இதற்கு ஒரு அருமையான வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் நெய்ப்பந்தம். சுற்றி நிற்கிற பேரன் பேத்திகள் கையில் ஆளுக்கொரு பந்தம். போகிற வழிக்குப் பேரப்பிள்ளைகள் வெளிச்சம் காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். வேறு எந்தச் சடங்கிலும் குழந்தைகளுக்கு இவ்வளவு பெரிய இடம் இல்லை. 'நீயும் இந்த வீட்டு ஆள், உனக்கும் வேலை உண்டு, பயப்படாமல் பார்' என்று சொல்லாமல் சொல்கிற சடங்கு அது.

ஆனால் இஷ்டமில்லாத குழந்தையை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தக்கூடாது. என்ன பார்க்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்: "அப்பத்தா கண்ணை மூடிப் படுத்திருப்பாங்க, தொட்டா சில்லுனு இருக்கும், எல்லாரும் சத்தமா அழுவாங்க, கொட்டு அடிப்பாங்க." அப்புறம் வருகிறாயா என்று கேளுங்கள். வருகிறேன் என்றால் பயம் தெளிந்த பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்கட்டும். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு நாள் படத்துக்கு விளக்கேற்றச் சொன்னாலும் போதும்.

ஒப்பாரியும் அப்படித்தான். இப்போதெல்லாம் பல வீடுகளில் பாட்டைப் போட்டு ஒலிபெருக்கியில் விட்டுவிடுகிறார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, போனவரின் பிறந்த வீடு, புகுந்த வீடு, பட்ட பாடு, பெற்ற பிள்ளைகள் என்று ஒரு வாழ்க்கையையே சொல்லி அழுதார்களே, அதில் எத்தனை பாரம் இறங்கியிருக்கும்! பந்தலுக்கும் வெடிக்கும் செலவைக் கூட்டிக்கொண்டே போகிறோம். காசு செலவில்லாத, மனசுக்கு மருந்தான சங்கதிகளைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறோம். 2020, 2021-ல் கொரோனா சமயத்தில் முகம்கூடப் பார்க்க முடியாமல் பெரியவர்களைப் பறிகொடுத்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். கூடி அழ முடியாமல் போனது எப்படி உறுத்துகிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

வளர்ந்த பிள்ளைகள் வேறு ரகம். பத்தாவது படிக்கிற என் மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஃபோனை வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். அந்த வயசில் நாலு பேர் முன்னால் அழக் கூச்சம். "ஏன்டா அழலை?" என்று கேட்டால் இன்னும் உள்ளே போய்விடுவார்கள். வேலை கொடுங்கள். பழைய ஃபோட்டோக்களை எல்லாம் ஃபோனில் படம் எடுத்து, யார் யார் என்று தாத்தாவிடம் கேட்டு எழுதச் சொன்னேன். ஒரு வாரத்தில் தாத்தாவும் பேரனும் திண்ணையில் தினமும் ஒரு மணி நேரம் பேச ஆரம்பித்தார்கள். ஒரே மருந்து இரண்டு பேருக்கு!

தாத்தாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கேதம் விசாரிக்க வந்தவர்கள் போனபிறகு எல்லோரும் மறந்துவிடுகிற ஆள், தனியாக நிற்கும் அந்தத் துணைதான். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

1969-ல் இங்கிலாந்தில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களை ஒன்பது வருஷம் கவனித்து வந்தார்கள். முதல் ஆறு மாதத்திலேயே 213 பேர் இறந்துவிட்டார்கள். அதே வயதில் மனைவியோடு இருக்கும் ஆண்களில் எதிர்பார்ப்பதைவிட இது 40 சதவீதம் அதிகம். பெரும்பாலும் இதய நோய்தான். 'அவ போனா, பின்னாலயே அவரும் போயிட்டாரு' என்று ஊரில் சொல்கிறோமே, அதற்குக் கணக்கே இருக்கிறது.

ஏன் இப்படி? துக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணம். வேளைக்குச் சாப்பாடு, பிரஷர் மாத்திரை, "வெயில்ல போகாதீக" என்ற அதட்டல் எல்லாம் மனைவி கையில் இருந்தது. என் மாமியார் மாத்திரைகளை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்து, படுக்கையில் இருந்தபடியேகூட வாயால் ஞாபகப்படுத்துவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அந்த டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஒன்பது மாத்திரை மிச்சம். மாமாவைக் கேட்டால், "யாரும் சொல்லலையேத்தா" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. எண்பத்தெட்டு வயசு மனுஷர், மாத்திரை சாப்பிடச் சொல்ல ஒரு குரல் இல்லாமல் போனதைத்தான் அப்படிச் சொன்னார். இப்போது காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் என் மகள் டப்பாவோடு போய் நிற்பாள். அவள் கொடுத்தால் மறுபேச்சில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது: வேட்டி, சட்டை தொளதொளவென்று ஆகிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். தனியாகத் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் யாராவது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் அழுவாரே என்று பயந்து பேச்சை மாற்றாதீர்கள். அவருக்குப் பேச ஆசை இருக்கும். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் என்றால் "கவலைதான், சரியாயிரும்" என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டி தனியாக இருந்தாலும் இதே கதைதான். பெரிய அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி தற்காலிகமாகச் செயலிழப்பதை 1990-ல் ஜப்பானிய டாக்டர்கள் கண்டு சொன்னார்கள். அது அதிகமும் மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்குத்தான் வருகிறது. மாரடைப்பு மாதிரியே இருக்கும். எதுவென்று ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியும்.

பணிவிடை செய்தவளுக்கு யார் ஆறுதல்?

நாலு வருஷம் என் மாமியாரைப் பார்த்துக்கொண்டேன். கடைசி எட்டு மாதம் படுக்கைதான். படுக்கைப் புண் வந்துவிடக்கூடாதே என்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து திருப்பிப் படுக்க வைப்பேன். அவர்கள் போய் நாலு மாதம் ஆகிறது. இன்றைக்கும் நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் கைக்கு வேலையில்லை.

"மாமியார் செத்ததுக்கா இம்புட்டு அழுகை? இனியாச்சும் நிம்மதியாத் தூங்கு" என்றார் தெருவில் ஒருவர். மருமகள் அழுதாலும் பேச்சு, அழாவிட்டாலும் பேச்சு! சகோதரிகளே, நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு இரண்டு உணர்ச்சி சேர்ந்தே வரும். 'அப்பாடா' என்று ஒரு மூச்சு. அடுத்த நிமிஷமே, இப்படி நினைத்தோமே என்று ஒரு குத்தல். அந்த 'அப்பாடா' பாவம் இல்லை. உடம்பு களைத்துப்போய் விடுகிற மூச்சு அது. பிரியத்துக்கும் அதற்கும் பகையே கிடையாது. மாமியாரோடு முன்னால் சண்டை சச்சரவு இருந்திருந்தாலும் துக்கம் வரும். சில சமயம் அதனாலேயே கூடுதலாக வரும். ஒரு மாதத்துக்காவது பகலில் அரை மணி படுங்கள். நாலு வருஷம் தள்ளிப்போட்ட உங்கள் சொந்த ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனையை இப்போது செய்துகொள்ளுங்கள்.

பாலூட்டும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அதிர்ச்சியில் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகலாம். "பால் வத்திப்போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே புட்டிப்பாலுக்கு ஓடாதீர்கள். நன்றாகத் தண்ணீர் குடித்து, வேளைக்குச் சாப்பிட்டு, குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டுக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும். கர்ப்பிணிகளைச் சாவு வீட்டுக்கு விடமாட்டார்கள். தன்னை வளர்த்த அம்மாச்சியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போன பெண் மனசு என்ன பாடுபடும்? அவளைத் தனியாக விடாமல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசுங்கள். அவள் கட்டிய பூவை ஒருவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

பெட்டியைத் திறக்கும் நாள்

பெட்டியைத் திறப்பது, நகையைப் பங்கு வைப்பது, சேலைகளைப் பிரிப்பது எதையும் காரியம் முடிந்த கையோடு செய்யாதீர்கள். அழுத கண்ணோடு பேசுகிற பேச்சு ஆறவே ஆறாது. என் மாமியாரின் டிரங்குப் பெட்டியைத் திண்டுக்கல் பூட்டுப் போட்டு, சாவியை மாமா இடுப்பிலேயே விட்டுவிட்டோம். அவராக, "திறங்கத்தா" என்று சொன்னது ஐப்பசியில். சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகள் நாலு, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனவை, உள்ளே இருந்தன. ஒன்றைக் கிழித்துத் தலையணை உறை தைத்துப் பேத்திக்குக் கொடுத்தேன். முகத்தைப் புதைத்து, "அப்பத்தா வாசம்" என்றாள். பெரிய நகையை விட இப்படி ஒரு துணி, ஒரு சுருக்குப்பை, ஒரு வெற்றிலைப் பெட்டி குழந்தைகளுக்குப் போதும்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். அதற்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. பென்ஷன், பாங்கு, பட்டா எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும். பொறுப்பான ஒரு உறவினரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

முதல் வருஷம்

பதினாறாம் நாள், மாதாமாதம் அமாவாசை, வருஷத் திதி என்று ஏன் இத்தனை நாள் வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். துக்கத்துக்கு ஒரு காலண்டர் அது. இன்றைக்கு அழலாம், நாளைக்கு வேலையைப் பார்க்கலாம் என்று அனுமதி. எங்கள் பக்கத்தில் ஆடி அமாவாசைக்கு வைகைக் கரையில் அணைப்பட்டிக்குப் போய்த் திதி கொடுத்து வருவார்கள். சித்தையன்கோட்டையில் என் தோழி வீட்டில் மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் ஃபாத்திஹா ஓதுவார்கள். பஞ்சம்பட்டித் தோழி நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று தாத்தா கல்லறையைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போவாள். மதம் எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: நாள் குறித்து நினைப்பது, கூடி நினைப்பது. சடங்கில் நம்பிக்கை இல்லாதவர்களும் பிறந்த நாளன்று அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து நாலு பேரைக் கூப்பிடலாம்.

இன்னொரு வழியும் உண்டு. அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தை யாராவது கையில் எடுத்துக்கொள்வது. தையில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாக நடப்பார்கள். என் மாமியார் நடக்க முடிந்த வரைக்கும் வாசலில் பானை வைத்து நீர்மோர் கொடுத்தவர்கள். "இந்த வருஷம் யாரும்மா கொடுப்பா?" என்று மகள் கேட்டாள். அவளும் அவள் அண்ணனும்தான் கொடுக்கப்போகிறார்கள். இஞ்சி தட்டிப்போடுகிற பக்குவம் தாத்தாவுக்குத் தெரியும்.

இத்தனையும் செய்தும் தேறாதவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரியிலிருந்து 'நீடித்த துக்கம்' என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் அந்தந்தச் சமூக வழக்கத்துக்கு மீறி துக்கம் கொஞ்சமும் இறங்காமல், அன்றாட வேலையே ஓடாமல் போனால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குழந்தை வாரக்கணக்கில் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் ஆறு மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். "நானும் அப்பத்தாகிட்டயே போறேன்", "நானும் போயிட்டா நல்லது" என்று குழந்தை சொன்னாலும் சரி, பெரியவர் சொன்னாலும் சரி, அன்றைக்கே கவனியுங்கள். மத்திய அரசின் 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு. பல் வலிக்குப் பல் டாக்டர் மாதிரிதான் இதுவும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த முறை கேதம் விசாரிக்கப் போகும்போது "நல்ல சாவு" என்று சொல்லுங்கள், பரவாயில்லை. அதோடு நிறுத்தாமல் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையிடம், "அப்பத்தா உனக்கு என்ன கதை சொல்வாங்க?" என்று கேளுங்கள். அடுப்படியில் நிற்கும் மருமகளிடம், "நீ ரொம்பப் பாடுபட்டத்தா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குக் காசா பணமா?

உங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தாவைப் பிள்ளைகள் எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். நல்ல யோசனைகளைப் பின்னொரு இதழில் எல்லோருக்கும் சொல்கிறேன். அடுத்த இதழில், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று பார்ப்போமா? அதுவரை, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்குப் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.